பத்தொன்பது அடி வண்டியும் ஒரு சாண் இடமும்

வண்டி பத்தொன்பது அடி. ஷெட் இருபது அடி. மிச்சமுள்ள ஒரு அடியில் முன்சுவருக்கு ஒரு சாண், பின்னால் ஷட்டர் இறங்க நாலு விரல் என்று பார்த்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் சமையலறைச் சுவர் போச்சு. கொஞ்சம் பிந்தினால் ஷட்டர் வந்து டிக்கியின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

புத்தியுள்ள எவனும் ஷெட்டை அளந்துவிட்டு வண்டி வாங்குவான். கண்ணாடிக்கடைக்காரர் வண்டியை வாங்கிவிட்டு வந்து ஷெட்டைக் கட்டினார். கட்டுகிற அவசரத்தில் மனக்கணக்கை நம்பினார். ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்குத் தன் வண்டியின் நீளம் மட்டும் கண்ணில் படவில்லை என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த வண்டி முன்பு ஒரு பெரிய ஓட்டலில் முக்கிய விருந்தாளிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. ஓட்டலை மூடியபோது தார்ப்பாய்க்குள் முடங்கிக் கிடந்தது. மேலாளருக்குக் கண்ணாடி கொடுக்கப் போனவர் தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான், மனுஷன் அங்கேயே விழுந்துவிட்டார். அமெரிக்காக்காரன் பெட்ரோலைத் தண்ணீராக நினைத்த காலத்தில் செய்த வண்டி. கரும்பச்சை நிறம். கட்டில் போல நீண்ட முன் சீட்டு, அதில் மூன்று பேர் காலை நீட்டி உட்காரலாம். பானெட்டின் மேல் ஒரு குழந்தையைப் படுக்கவைத்து எண்ணெய் தேய்க்கலாம். முன் விளக்குகளுக்கு இமை உண்டு. சுவிட்சைப் போட்டால் வலது இமை உடனே திறக்கும். இடது இமை கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறக்கும். ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். வேகத்தடை வந்தால் வண்டி ஒரு தலையாட்டல் ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பவருக்கு ஏதோ நடந்தது என்பதே தெரியாது.

அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வாசலில் வண்டி வந்து நின்றதும் அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏனென்றால் வண்டி முடியவே இல்லை.

"மகாராணியைக் கூட்டிட்டு வந்துட்டீங்க. நான் இனிமே பணிப்பெண்ணா?" என்றாள்.

பேர் நிலைத்துவிட்டது. வேலையும் நிலைத்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக மகாராணி ஷெட்டுக்குள் வரும்போதும் போகும்போதும் முன்னால் நின்று கை காட்டுவது அவள்தான். அவள் தையல்காரி. பழைய கோட்டைப் பிரித்துச் சின்னதாக்குவது, சின்னதைப் பெரிசாக்குவது, யார் யாருக்கோ இடுப்பு தளர்த்துவது என்று கடைத்தெருவில் சின்னக் கடை வைத்திருக்கிறாள். டேப்பை எடுக்காமலே அரை அங்குலம் சொல்லுகிற கண். அதனால் அவள் கை காட்டுவதில் ஒரு நேர்த்தி உண்டு. விரல்கள் அலை அடித்தால் வா. இரண்டு விரலை ஒட்டிப் பிடித்தால் மெதுவாக. மணிக்கட்டைச் சாய்த்தால் அந்தப் பக்கம் ஒடி. சுண்டுவிரல் மட்டும் நின்றால் இன்னும் ஒரு மயிரிழை. முஷ்டி மூடினால் நில். இது எந்தப் போக்குவரத்துப் புத்தகத்திலும் இல்லாத பாஷை, உலகத்தில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

அவருடைய சிநேகிதர் பல் டாக்டர். அவரிடமும் இதே தினுசில் ஒரு பெரிய வண்டி உண்டு. ஆனால் அவருக்கு மகாராணி மேல் ஒரு கண், அதை அவர் மறைத்ததும் இல்லை. "எதுக்கய்யா இந்தப் பாடு? கூரையிலேருந்து ஒரு பந்தைக் கயித்துல தொங்கவிடு. கண்ணாடியில பந்து பட்டா நிறுத்து. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்பார்.

"பந்துக்கு என்ன தெரியும்? நான் சுவரைப் பார்க்கிறதில்ல, பானெட்டைப் பார்க்கிறதில்ல, இவ கையைத்தான் பார்க்கிறேன்" என்பார் கண்ணாடிக்கடைக்காரர்.

அவள் உதட்டைச் சுழிப்பாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

போன வருஷக் கடைசியிலிருந்து மகாராணிக்கு உடம்பு சரியில்லை. அப்படித்தான் அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வருவது அவர்கள் வழக்கம். ஒரு வாரம் ரேடியேட்டர் சூடாகிறது என்றார். அடுத்த வாரம் பெட்ரோல் பம்ப் என்றார். அதற்கடுத்து டயர். வெளியே எடுப்பார், சந்திலேயே நிறுத்திக் கழுவுவார், துடைப்பார், திரும்ப உள்ளே விடுவார். எட்டு மாதமாக வண்டி அந்தச் சந்தைத் தாண்டவில்லை. அவர் கடைக்கு நடந்தே போனார், நடப்பது இதயத்துக்கு நல்லது என்றார். கூடவே ஒரு புதுச் சிடுசிடுப்பும் வந்து சேர்ந்தது. கை காட்டும்போது, "எங்கெங்கயோ காட்டாத. மூஞ்சிக்கு நேரா காட்டு" என்று அடிக்கடி சொன்னார்.

அது ஒருநாள் வெடித்தது. பல் டாக்டர் வந்திருந்த சமயம். அவள் பக்கவாட்டில் கையை நீட்டி ஒடிக்கச் சொன்னாள், அவர் ஒடிக்கவில்லை. வண்டி தூணை உரசப் போனது. அவர் தலையை வெளியே நீட்டி, "இருபத்தாறு வருஷமா என்னத்தக் கத்துக்கிட்ட? ஒரு கையை ஒழுங்கா காட்டத் தெரியல!" என்று கத்தினார்.

அடுத்த ஆள் முன்னால். அதுவும் அவளுடைய கையைப் பற்றி. அவள் உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை கிடையாது. தட்டு மேசைக்கு வரும், தண்ணீர் வரும், வாய்ச்சொல் மட்டும் வராது. கை காட்டுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. கோபம் அவரோடுதான், மகாராணியோடு என்ன கோபம்?

நாலாம் நாள் காலை அவர் வண்டியைக் கழுவி முடித்து உள்ளே விட ஆரம்பித்தார். அவள் ஷெட்டின் உள்கோடியில், சமையலறைக் கதவு நிலையில் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல், பம்பரை மட்டும் பார்த்துக் கை காட்டினாள். மெதுவாக, இன்னும், இன்னும், சுண்டுவிரல். ஒரு சாண் வந்ததும் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி முஷ்டியை மூடினாள். அந்த நேரம் பார்த்து, வண்டிக்குப் பின்னால் சந்தில் கூரியர்க்காரர் ஒருவர் பெட்டியோடு எட்டிப் பார்த்தார். அவள் கடைக்கு ஜிப் வந்திருந்தது. மூன்று நாள் வாய் திறக்காத பழக்கமோ என்னவோ, அவள் குரல் கொடுக்கவில்லை. இடது முஷ்டியை மூடியபடியே வைத்துக்கொண்டு, வலது கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, வாங்க என்று விரலை அசைத்தாள்.

மகாராணி வந்தாள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து பம்பர், அதற்கு நகக்கீறல்கூட விழவில்லை. சுவர்தான் பெயர்ந்தது. ஆறு செங்கல் சமையலறைப் பக்கம் நகர்ந்தன. அலமாரியிலிருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் குதித்தன, சர்க்கரை தரையெல்லாம் கொட்டியது. கூரியர்க்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துகூட வாங்காமல் போய்விட்டார்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? சுவரு அங்க மலை மாதிரி நிக்குது!" மூன்று நாள் மௌனம் ஒரே மூச்சில் உடைந்தது.

"நீ வான்னு காட்டின. வந்தேன்."

"அது கூரியர்க்காரருக்குங்க! இந்தக் கையில நில்லுன்னு காட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்!"

"எந்தக் கை?" என்றார் அவர்.

அவள் இன்னும் அந்தக் கையை இறக்கவில்லை. முஷ்டி அப்படியே பக்கவாட்டில் நீட்டியபடி நின்றது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்குக் காத்திருந்தார்.

கடைக்கு வருகிறவர்களின் கண்ணை அவர் சோதிப்பதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். அவரைக் கையைப் பிடித்து சமையலறைக்கு அழைத்துவந்து, சர்க்கரைக்கும் காரைத்தூளுக்கும் நடுவே நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிரே நின்றாள்.

"என் மூக்கையே பாருங்க. விரல் ஆடுறது எப்ப தெரியுதோ அப்ப சொல்லுங்க."

"வேண்டாம்மா."

"பாருங்க."

இரண்டு கைகளையும் விரித்து, விரல்களை ஆட்டிக்கொண்டே மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். தோள் வரை வந்தது. அவர் பேசவில்லை. காது வரை வந்தது. விரல்கள் அவள் கன்னத்தைத் தொட்ட பிறகுதான், "இப்ப" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை போய்விட்டது. எட்டு மாதம் முன்பு ஒருநாள் கடையில் திறந்திருந்த இழுப்பறையில் இடித்துக்கொண்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கண் டாக்டரும் அதையே சொன்னார். சொட்டு மருந்து விட்டால் இருப்பது நிற்கும், போனது வராது. வண்டி ஓட்டவே கூடாது. அன்றோடு அவர் தெருவில் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ரேடியேட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் ஒரு கேடும் இல்லை. தன் நோயையெல்லாம் ஒவ்வொன்றாக மகாராணியின் தலையில் போட்டிருந்தார்.

"உள்ளயும் வெளியயும் விடறதுக்கு நீ முன்னால நிக்கிறியே, அது போதும்னு நினைச்சேன். உன் கை தெரிஞ்சா போதாதா?"

"என்கிட்ட சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?" என்று கத்தினாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே மூக்கைச் சிந்திவிட்டு விளக்குமாற்றை எடுத்துச் சர்க்கரையைக் கூட்ட ஆரம்பித்தாள். அவர் முறத்தைப் பிடித்தார்.

அன்று சாயங்காலமே அவர் பல் டாக்டருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

"நான் ஓட்டறேன்" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். ஏளனமாக அல்ல, பாவம், பிரியமாகத்தான் சிரித்தார். "நீ கடைக்கு ஓட்டிட்டுப் போற தீப்பெட்டி காரு மாதிரியா இது? உள்ள உட்கார்ந்தா நுனி எங்க இருக்குன்னே தெரியாது. எனக்கே ஒரு வருஷம் பிடிச்சுது. ஓட்டாம வச்சிருந்தா துருப்பிடிச்சுச் சாகும். டாக்டர் நல்லா வச்சுக்குவான்."

சனிக்கிழமை கொத்தனார் வந்து சுவரைப் பூசிவிட்டுப் போன பிறகு, அவள் துடைக்கிற துணியோடு ஷெட்டுக்குப் போனாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தலைக்கு மேலே கூரைத் துணி. பத்து வருஷம் முன்பு பசை விட்டுப்போய் அது தொப்பை போட்டுத் தொங்கியபோது, அவள்தான் மூன்று நாள் மல்லாந்து படுத்து, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, புதுத் துணி தைத்துப் போட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. பணிப்பெண், பணிப்பெண் என்று சொல்லிச் சொல்லியே இந்த வண்டியின் மேல் உயிரை வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இது போனால் அவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்த்தாள். கடை, வீடு, சொட்டு மருந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி ஷெட்டைப் பார்த்துக்கொண்டு கையில் துணியோடு நிற்பார். அதை அவளால் பார்க்க முடியாது.

பல் டாக்டர் மறுநாள் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பெண் பார்க்க வந்தவர்போல வந்தார். பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். "கல்லு மாதிரி இருக்கா. ஒரு நோயும் இல்ல." கண்ணாடிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சாவியைக் கொடுக்கும்போது அவர் கை ஒரு கணம் விடாமல் பிடித்ததை அவள் பார்த்தாள்.

டாக்டர் ஏறி உட்கார்ந்தார். பின்னால் எடுக்க வேண்டும். சந்து குறுகல். இரண்டு பக்கமும் வாசல் தூண். அவள் பின்பக்கம் போய் நின்று கை காட்டினாள். மணிக்கட்டைச் சாய்த்தாள், டாக்டர் மறுபக்கம் ஒடித்தார். சுண்டுவிரலைக் காட்டினாள், டாக்டர் பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"சுண்டுவிரலுன்னா என்னம்மா? பாத்ரூம் போகணுமா?"

திரும்ப ஏறினார். தூணுக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு விரல் இருக்கும்போது மறுபடி நின்றார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. ஊரார் பல்லையெல்லாம் கை நடுங்காமல் பிடுங்குகிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

"இறங்குங்க டாக்டர்" என்றாள்.

"நீயா?" என்றார் கணவர்.

டாக்டர் இறங்கினார். அவள் ஏறினாள். சீட்டில் அவர் உடம்பின் பள்ளம் இருந்தது. அதில் போய் உட்கார்ந்தபோது கால் எட்டவில்லை. பொத்தானை அழுத்தினாள், கட்டில் மாதிரி சீட்டு முழுசாக நகர்ந்து முன்னால் வந்தது. எதிரே பானெட் நீண்டு கிடந்தது. அவர் சொன்னது நிஜம், உள்ளேயிருந்து நுனி தெரியவில்லை.

ஆனால் அவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? இருபத்தாறு வருஷமாக அந்த நுனிக்கு முன்னால் நின்றவள் அவள். பம்பரின் வலது ஓரம் எங்கே முடியும், வால் எவ்வளவு வீசும், ஒடிக்கும்போது பின்சக்கரம் எந்த இடத்தில் உள்ளே விழும் என்று எல்லாம் வெளியிலிருந்து அவளுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அவருக்குத் தெரிந்தது வண்டியின் உள்பக்கம். வெளிப்பக்கம் முழுக்க அவளுடையது. கண்ணை ஒரு தரம் மூடி, தூணுக்குப் பக்கத்தில் தானே நிற்பதாக நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மணிக்கட்டைச் சாய்த்தாள். இவள் ஒடித்தாள்.

வண்டி ஒரே வீச்சில் சந்துக்கு வந்து, திரும்பி, தெருவைப் பார்த்து நின்றது. இரண்டு ஆண்களும் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"ஏறுறீங்களா, நான் மட்டும் போகட்டுமா?"

கணவர் முன்சீட்டில் ஏறினார். டாக்டர் பின்சீட்டில் ஏறி, நடுவில் கை வைக்கிற மெத்தையை இறக்கிச் சாய்ந்துகொண்டார். ஏரிக்கரைச் சாலையில் காலை வெயில் இருந்தது. நடக்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் வெயிலிலேயே விளக்கைப் போட்டுக் காட்டினாள், வலது இமை திறந்தது, இடது இமை யோசித்துத் திறந்தது. ஒரு வேகத்தடை வந்தது. மகாராணி தலையாட்டிவிட்டுப் போனாள். கணவர் ஜன்னலை இறக்கி முழங்கையை வெளியே வைத்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் முகம் அவர் முகமாக இருந்தது.

"இடது பக்கம் சைக்கிள்" என்றார்.

சைக்கிள் தாண்டிப் போய் வெகு நேரமாகியிருந்தது. "சரிங்க" என்றாள்.

டாக்டர் தன் வீட்டு வாசலில் இறங்கினார். சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு, "எப்பவாவது விக்கிறதா இருந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லணும்" என்றார். இதை அவர் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வந்ததும் ஷெட் வாசலில் கணவர் இறங்கினார். "இரு, இரு. நான் முன்னால நின்னு கை காட்டறேன்."

அவளுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் காத்திருந்தாள். அவர் சமையலறைக் கதவு நிலையில் போய் நின்றார். பின்னால் வெள்ளையடிக்காத சிமெண்டுத் திட்டு ஈரமாகத் தெரிந்தது. அவர் விரல்களை அலை அடித்தார். அவள் வந்தாள். இரண்டு விரலை ஒட்டிப் பிடித்தார். மெதுவாக வந்தாள். பம்பர் தன்னை நோக்கி வருவதை அவர் இதுவரை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. அவர் முகத்தில் கலவரம் தெரிந்தது. சுவருக்கு இன்னும் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும்போதே முஷ்டியை இறுக்கி மூடினார்.

அவள் நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள்.

அவர் பெருமையாக வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார், ஷட்டரை இழுக்க. இழுக்கவில்லை. பிறகு அவர் குரல் கேட்டது.

"ஏம்மா, வாலு ஒரு சாண் வெளியில நிக்குது. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் நின்ன?"

"நீங்க நில்லுன்னு காட்டினீங்க. நின்னேன்."

அவர் பக்கவாட்டில் ஒரு கையால் வண்டியைத் தடவிக்கொண்டே மெல்ல நடந்து முன்னால் வந்தார். பழைய இடத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியையும் துடைத்து மாட்டினார். பிறகு கையை முகத்துக்கு நேராக உயர்த்தி, விரல்களை அசைத்தார்.

அவள் என்ஜினைப் போட்டாள்.